டென்ட் கடைக்காரனின் வயிற்றுக் கலக்கம்

துணிக்கடைக்காரர் விற்ற சட்டை கிழிந்தால் ஒரு சட்டைதான் போகும். டென்ட் கடைக்காரன் விற்றது கிழிந்தால் ஒரு குடும்பமே நடுக்காட்டில் நனையும்.

ராயபுரத்தில் எங்கள் கடை. அப்பா காலத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் மட்டும்தான் விற்றோம். சரக்கு நனைந்தால் லாரிக்காரர் வந்து திட்டுவார், நாங்கள் ஒட்டுப்போட்டுக் கொடுப்போம், அதோடு சரி. இப்போது எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கும் கடற்கரைக்கும் போய் டென்ட் போட்டுத் தங்கவேண்டும் என்கிறார்கள். நானும் ஆசைப்பட்டு டென்ட் வாங்கிவைத்தேன். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கலக்கம். யாராவது டென்ட் வாங்கிப்போன வாரம் முழுக்க வானத்தையும் போனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஊருக்குக் கிளம்பி, கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியை நிறுத்தியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும். நாமெல்லாம் ஒரே சாதி.

நாலு பேர்னா எந்த நாலு பேர்?

டென்ட் பையின் மேல் ‘நான்கு பேர்’ என்று போட்டிருக்கும். அந்த நாலு பேர் யார், எந்த ஊர்க்காரர்கள், சாப்பிடுவார்களா மாட்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புரண்டு படுக்காமல், பை வைத்துக்கொள்ளாமல், பொம்மைபோல் கிடந்தால் நாலு பேர் படுக்கலாம். நம் ஆட்களுக்கு அது இரண்டு பேர் டென்ட். கூட ஒரு பிள்ளை, ஒரு பை. இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெரிய டென்டைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றுதான் நினைக்கிறார்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பெண் பிள்ளைகள், கூட மனைவியின் அம்மா. நாலு பேர் டென்டே போதும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். மலை மேல் போய் இடம் பற்றாமல் ஒருவர் பனியில் கிடப்பார் என்று பயந்தேன். கடைக்கு முன்னால் டென்டை விரித்து, “உள்ளே போய்ப் படுத்துப் பாருங்க சார்” என்றேன். முதலில் கூச்சப்பட்டார்கள். அப்புறம் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். மகள் படுத்தாள், பேத்திகள் படுத்தார்கள். ரோட்டில் போன ஷேர் ஆட்டோக்கள் நின்று வேடிக்கை பார்த்தன. கணவர் தலையை மட்டும் உள்ளே நுழைத்து, எங்கே காலை வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

படுத்தபடியே மாமியார் சொன்னார்: “மாப்ள, நீ வெளியவே படுத்துக்கோ. கொசுவுக்கும் ஒரு ஆளு வோணும்ல?”

காற்றோடு போனது

வாங்குகிற எல்லோரிடமும் ஒன்று சொல்வேன். போகிற இடத்தில் போய்ப் பிரிக்காதீர்கள், வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று. என் வாயால்தான் அந்த வினை வந்தது. காசிமேட்டுப் பக்கம் குடியிருக்கும் சதீஷ் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவர். நான் சொன்னதைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் டென்டைப் போட்டிருக்கிறார். தளத்தில் முளை இறங்காது. கயிற்றைக் கட்ட வேறு எதையும் அவர் தேடவில்லை. பாயும் தலையணையும் உள்ளே இருக்கின்றன, கனம் போதும் என்று நினைத்துவிட்டார். மகள் யாழினியை உள்ளே உட்காரவைத்துவிட்டு, போட்டோ எடுக்க மனைவியைக் கூப்பிடக் கீழே இறங்கினார். கடல்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மேலே திரும்பி வந்தபோது டென்ட் இல்லை.

எனக்குப் போன் வந்தது. “அண்ணாச்சி, டென்ட்டு பறந்துட்ச்சி. பாப்பா உள்ள இருந்துச்சி.” அவ்வளவுதான் கேட்டது. போன் கட்டானது. கடையை அப்படியே போட்டுவிட்டு நானும், எங்கள் கடையில் தார்ப்பாய் தைக்கும் சலீம் பாயும் பைக்கில் பறந்தோம். தெருவே கூடியிருந்தது. பின்தெருவில் ஒரு ஐஸ் குடோனின் கூரைமேல் டென்ட் ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளிருந்து சத்தம் எதுவும் இல்லை. அம்மாக்காரி ரேவதி தரையில் உட்கார்ந்து மண்ணை அடித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஏணியைச் சாத்த, ஒரு மீன்பிடிப் படகுக்காரர் மேலே ஏறினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அவர் கால்பட்ட இடமெல்லாம் முனகியது. அவர் ஜிப்பைத் திறந்தார். உள்ளே கைவிட்டுத் துழாவினார். ஒரு தலையணையை எடுத்துக் காட்டினார். அப்புறம் ஒரு பாய்.

அந்த நேரத்தில் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து ஒரு சின்ன உருவம் வந்தது. கையில் பாதி இட்லி. மேல்வீட்டு அம்மா நாஷ்டா சாப்பிடக் கூப்பிட்டதும் டென்டை விட்டு எழுந்து போய்விட்டிருக்கிறது குழந்தை. ரேவதி அதைத் தூக்கி இறுக்கியதில் இட்லி கீழே விழுந்தது. யாழினி கூரையைப் பார்த்தது, டென்டைப் பார்த்தது, பிறகு பெரிய அநியாயம் நடந்துவிட்டதுபோல் அப்பாவிடம் கேட்டது: “நான் இல்லாம அது ஏம்பா போச்சு?”

உள்ளே பெய்த மழை

ஏலகிரி போய்வந்த ஒரு தம்பதி திங்கட்கிழமை கடை திறக்கும்முன்பே வாசலில் நின்றார்கள். அவர் தண்டையார்பேட்டையில் மளிகை வைத்திருப்பவர், பெயர் அப்துல் காதர். அவர் மனைவி ஜீனத். டென்ட் ஈரமாகச் சுருட்டிக் காதர் கக்கத்தில் இருந்தது. “மழையே இல்ல அண்ணாச்சி, வானம் க்ளீனா இருந்துச்சி. காலைல எய்ந்து பார்த்தா உள்ள சுவரெல்லாம் சொட்டுது. புள்ளைங்க போர்வ மொத்தமும் நனைஞ்சி பூட்ச்சி” என்றார்.

அதே வகை டென்டை அந்த வாரம் இன்னும் பலருக்கு விற்றிருந்தேன். ஒவ்வொருவர் முகமாக எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. கைக்குழந்தையோடு வந்தவர், வீசிங் உள்ள பையனோடு வந்தவர். சலீம் பாய் டென்டைக் கடை வாசலில் விரித்து, என்னை உள்ளே தள்ளி ஜிப்பைப் போட்டுவிட்டு, குழாயை இழுத்து மேலே தண்ணீர் அடித்தார். நான் ஒவ்வொரு தையலாகத் தடவிப்பார்த்துக்கொண்டு உள்ளே குந்தியிருந்தேன். ஒரு சொட்டு இல்லை. வெளியே வந்ததும் அவர்களிடம் கேட்டேன்: “ராத்திரி ஜன்னலைத் திறந்து வச்சீங்களா?” குளிரும் என்று எல்லா ஜன்னலையும், மேலே காற்றுப் போகிற வலையையும்கூட இழுத்து மூடியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிறவர்கள் விடுகிற மூச்சு வெளியே போக வழியில்லாமல், குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிடும். கொஞ்சம் குளிர்ந்தாலும் பரவாயில்லை, மேல்வலையை மூடக்கூடாது என்று விளக்கினேன்.

ஜீனத் கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மூச்சுக்கே இவ்ளோ தண்ணின்னா, இவுரு வுட்ட கொறட்டையப் புடிச்சி வச்சிருந்தா ஒரு கொடம் தேறியிருக்கும்.”

கரி அடுப்பு

இதைச் சிரிக்காமல்தான் சொல்ல வேண்டும்.

மரியதாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலையில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் தங்கப் போகிறேன் என்று நீல நிறத்தில் பெரிய டென்டாக எடுத்துப்போனார். முளை, கயிறு, கீழே விரிக்கத் தார்ப்பாய் என்று நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். அவர் கிளம்பிய சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய தம்பி அந்தோணி நைலான் கயிறு வாங்கக் கடைக்கு வந்தார். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “போயிட்டாரு அண்ணாச்சி. புள்ளைங்களுக்குக் குளிரும்னு அண்ணி பயந்துச்சி. நான்தான் ஐடியா குடுத்தேன். நம்ம வூட்டுக் கரி அடுப்ப டிக்கில வச்சி அனுப்பிக்கீறேன். டென்ட்டு உள்ள வச்சிக்கினா கதகதன்னு இருக்கும்ல?” என்றார்.

கையிலிருந்த கயிற்றை வெட்ட மறந்து நின்றுவிட்டேன். மூடிய இடத்தில் கரி கனன்றால் வருகிற வாயுவுக்கு வாசனை கிடையாது, புகை கிடையாது. முதலில் தலை வலிக்கும்; தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். அந்தோணியிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போனது. இருவரும் மாறிமாறிக் கூப்பிட்டோம். மரியதாஸ் போனுக்கும் போகவில்லை, மனைவி போனுக்கும் போகவில்லை. அந்தத் தோட்டத்தில் சிக்னல் இல்லை போலிருக்கிறது. தோட்டக்காரரின் நம்பர் யாரிடமும் இல்லை. அந்தோணி “பைக்ல போறேன்” என்று சாவியை எடுத்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. அப்போதுதான் சலீம் பாய் சொன்னார், “பாபு லாரி அங்கதானே போவுது?”

பாபு எங்கள் தார்ப்பாய் வாடிக்கையாளர். மலையிலிருந்து சாமை ஏற்றி வருகிறவர். கூப்பிட்டேன். மணி அடித்தது. அதே மலைமேல் ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. நீல டென்ட், தோட்டம், கரி அடுப்பு என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். “நீ வை அண்ணாச்சி, நான் மல சனங்கள விசாரிச்சி தேடிகினு போறேன்” என்றார். அப்புறம் காத்திருந்தோம். இருட்ட ஆரம்பித்தது. சலீம் பாய் மக்ரிப் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சட்டைப்பையில் இருந்த ஜெபமாலையை வெளியே எடுக்காமலேயே உருட்டிக்கொண்டிருந்தேன். அந்தோணி ரோட்டில் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிவந்து பாபு கூப்பிட்டார், மூச்சிரைத்தபடி:

“அட்ப்பத் தூக்கி வெளிய கடாசிட்டேன் அண்ணாச்சி. புள்ளைங்கள வெளிய கொணாந்து குந்தவச்சிக்கீறேன், நல்லாத்தான் கீதுங்கோ. அந்தக்காதான் தலவலின்னு மாத்திரை தேடிகினு இருந்திச்சி.”

எங்கள் வீட்டு காம்பிங்

என் மனைவி எஸ்தருக்கும் எனக்கும் தூத்துக்குடிப் பக்கம்தான் சொந்த ஊர். கோபம் வந்தால் அவள் பேச்சில் ஊர் வந்துவிடும். “ஊருக்கெல்லாம் டென்ட் விக்கிய. நம்ம பிள்ளையள ஒருநாளாவது அதுக்குள்ள படுக்க வச்சிருக்கியளா?” என்று கேட்டாள். தப்பிக்க வழியில்லாமல் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போனேன்.

மரநிழலில் டென்டைப் போட்டேன். அண்ணாந்து பார்த்தால் மேலே குலைகுலையாகத் தேங்காய். பிடுங்கி வெட்டவெளியில் போட்டேன். அங்கே மணல், சாதாரண முளை நிற்கவில்லை. பைகளில் மணலை நிரப்பிக் குழிதோண்டிப் புதைத்து, அவற்றில் கயிற்றைக் கட்டினேன். கட்டி முடித்ததும் மேற்கே ஒரு கருமேகம். மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்குமோ என்று தோன்றியது. மறுபடி பிடுங்கி மேட்டில் போட்டேன். மேட்டில் காற்று. காருக்கும் டென்டுக்கும் கயிறு கட்டினேன். பிள்ளைகள் இரண்டும் உள்ளே போய் விளையாடப் பார்த்தபோது, “இருங்க, இன்னும் ஒரு கயிறு” என்று ஒவ்வொரு முறையும் வெளியே இழுத்தேன். மேகம் அதுபாட்டுக்குக் கடல் பக்கம் போய்விட்டது. சாயங்காலம் பார்த்தால் பிள்ளைகள் களைத்துப்போய்க் காரின் பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டென்ட் மட்டும் ஒரு சுருக்கமில்லாமல், ஆள் யாருமில்லாமல், அழகாக நின்றது.

எஸ்தர் கொண்டுவந்த புளிச்சோற்றைத் திறந்தபடியே சொன்னாள்: “டென்டுக்குக் காவல் இருக்கத்தாம் போறோம்னு முதல்லயே சொல்லியிருந்தா, பிள்ளையள எங்கம்ம வீட்ல விட்டுட்டு வந்திருப்பேம்லா?”

ஏலகிரிக்குப் போகாத டென்ட்

மாத்தூரில் இருக்கும் கலா ஒரு ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறவர். டென்ட் வாங்க அவரைப்போல் யோசித்தவர் யாரும் இல்லை. வாரம் தவறாமல் வருவார். துணியைத் தேய்த்துப் பார்ப்பார், தையலை நகத்தால் கீறிப் பார்ப்பார், கணவருக்கு வீடியோ எடுத்து அனுப்புவார், போய்விடுவார். கடைசியில் முன்பக்கம் சின்னக் கூரை நீட்டியிருக்கும் ஒன்றைப் பிடித்துப்போய் வாங்கினார். செருப்பையும் அடுப்பையும் அதற்கடியில் வைத்துக்கொள்ளலாம், உள்ளே சேறு வராது என்பது அவர் கணக்கு. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஏலகிரி.

லீவுக்கு முன்னால் மழை வந்தது. எப்படிப்பட்ட மழை என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கடைக்குள் முழங்கால் தண்ணீர். மாத்தூர்ப் பக்கம் வீடுகள் மூழ்கிவிட்டன என்றார்கள். அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. கலாவுக்கும் கூப்பிட்டுப் பார்த்தேன், அணைந்திருந்தது. எனக்கு அவர் உறவா, சொந்தமா? ஆனாலும் அவர் அந்தத் தையலைக் கீறிப்பார்த்த விரல்தான் கண்முன்னால் வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்து, கடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு நாள் வந்து நின்றார். முகம் கறுத்து இளைத்திருந்தது. கையில் டென்ட், சேறும் எண்ணெய்ப் பிசுக்குமாக. முன்கூரை கிழிந்து தொங்கியது. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவர் சொன்னார்: தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் வந்ததும் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறியிருக்கிறார்கள். ஏலகிரிக்கென்று எடுத்துவைத்த டென்டை அவர் கணவர் தண்ணீர்த் தொட்டியின் தூணிலும் துணி காயப்போடும் கம்பத்திலும் கட்டினாராம். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பெண்ணையும் குழந்தையையும் மாடிச்சுவர் தாண்டித் தூக்கிவந்து உள்ளே படுக்கவைத்திருக்கிறார்கள். மற்றவர்களெல்லாம் வெளியே, பெட்ஷீட்டைத் தலைக்குமேல் பிடித்தபடி. படகு வரும்வரை அப்படியே.

“கிழிஞ்சத தைச்சுத் தரச் சொல்றேம்மா” என்று மட்டும் சொன்னேன். கலா டென்டைத் தன் மடியில் வைத்து, ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

“ஏலகிரிக்கின்னு வாங்குனோம், மொட்ட மாடியோட நின்னுட்ச்சி. ஆனா ஒண்ணு அண்ணாச்சி, அந்தப் பச்சக் கொழந்த மேல ஒரு சொட்டு படல.”

டென்டைப் பெரிதும் சிறிதுமாக எத்தனையோ பேர் வாங்கிப்போய்விட்டார்கள். கடையில் இன்னும் விலைபோகாமல் கிடக்கிற ஒரே சரக்கு என் கவலைதான்.